காரணம் என்ற கட்டம்

1893-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், மதுவிலக்கு இயக்கத்தினரான கெயின் என்னும் உறுப்பினர், வங்காளத்துக் கஞ்சாவைப் பற்றி பிரிட்டிஷ் காமன்ஸ் சபையில் ஒரு கேள்வி எழுப்பினார். கஞ்சா மக்களைப் பித்தர்களாக்குகிறது என்பது அந்நாளில் பலரும் ஐயமின்றி நம்பிய செய்தி. அவ்வாண்டே மக்வொர்த் யங் தலைமையில் எழுவர் கொண்ட கமிஷன் அமைக்கப்பெற்றது. அவருள் மூவர் இந்தியர். 1,193 சாட்சிகளின் வாக்குமூலங்களை அது பெற்றது.

சாட்சிகளின் தொகையினும் பெரிதாக நாம் மதிப்பது வேறொன்று. பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளின் பதிவேடுகளில் ‘காரணம்’ என்றொரு கட்டம் உண்டு. அதில் ‘கஞ்சா’ என்று எழுதியவர் யார் எனக் கமிஷன் வினவிற்று. பெரும்பாலும் மருத்துவர் அல்லர். ஒருவனைப் பிடித்து அனுப்பிய போலீசார், அவன் கஞ்சாப் பழக்கமுடையவன் எனக் கேள்வியுற்று எழுதிய சொல்லே பதிவேட்டில் ஏறிற்று. கட்டத்தை வெறுமையாக விடுவதினும் அச்சொல் வசதியாயிருந்தது. கோப்புகளோடு வாழும் நம்மனோர்க்கு இது வியப்பன்று! அச்சொல்லே பின்னர் புள்ளிவிவரமாகி, ஆண்டறிக்கையாகி, அறிவியல் உண்மை போல உலவிற்று. 1892-இல் சேர்க்கப்பெற்றோரின் வரலாற்றைத் தனித்தனியே துருவியபோது, கஞ்சாவின்மேல் ஏற்றப்பட்டவற்றுள் பாதிகூட நிலைக்கவில்லை.

அளவோடு கொள்வதால் பெருந்தீங்கில்லை, மிகையே கேடு, முழுத்தடை வேண்டா, வரியும் உரிமமும் கொண்டு கட்டுப்படுத்துக என்று 1894-இல் கமிஷன் அறிக்கை விடுத்தது. தடை விதித்தால் மக்கள் ஊமத்தை போன்ற கொடிய பொருள்களை நாடக்கூடும் என்றும் அஞ்சிற்று. இந்திய உறுப்பினர் இருவர் இதற்கு உடன்படவில்லை. வரி வருமானத்தில் சர்க்காருக்கு இருந்த நாட்டத்தை எண்ணினால், அவர்தம் மறுப்பை எளிதில் ஒதுக்கிவிடவும் இயலாது.

பின்னர் உலகின் போக்கு மாறிற்று. மருத்துவத்திற்கல்லாத கஞ்சாப் பயனை 25 ஆண்டுகளுக்குள் ஒழிக்குமாறு 1961-ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை விதித்தது. 1985 ஆகஸ்டில் நம் பாராளுமன்றத்தில் ஒரு மசோதா வந்தது, செப்டம்பரில் சட்டமாயிற்று. நூறு ஆண்டுகளாக வாதிக்கப்பெற்ற பொருளுக்கு நாட்கணக்கில் முடிவு! அதன் 27-ஆம் பிரிவின்படி, விற்பவனன்றி உட்கொள்பவனும் குற்றவாளியே. ஆயின் தானே முன்வந்து சிகிச்சை பெறும் அடிமையுற்றவர்க்குப் பிறிதொரு பிரிவு விலக்களிக்கிறது.

காசியிலே உரிமம் பெற்ற பாங்குக் கடையைக் கண்டு நம்மவர் திகைப்பதுண்டு. கஞ்சா என்பதன் வரையறையில் பூங்கொத்து அடங்கும். பூவோடு சேராத இலை அடங்காது. பாங்கு இலையினின்று ஆவது.