மேடைச் சொல்லும் வரலாற்றுச் சான்றும்: அம்பாறைக் கரையோரம் பற்றிய ஒரு நோக்கு

"பகலிற் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே" என்பது தமிழ் மக்களிடையே வழங்கும் பழமொழி. கேட்பவன் பக்கத்தில் நிற்பவனே என்ற எண்ணம் அதன் அடியில் உள்ளது. ஒலிவாங்கி தோன்றிய பின் இவ்வெண்ணம் பொருந்தாதாயிற்று. பேசுபவனுடைய கண்ணுக்கு எட்டாத செவிகளும் அவன் பேச்சைக் கேட்கத் தொடங்கின. அரசியல்வாதிகள் காவலின்றி உதிர்த்த சொற்களின் வரலாறு இங்கிருந்தே தொடங்குகின்றது எனலாம்.

1984 ஓகஸ்ட் 11 ஆம் நாள், தமது வாராந்த வானொலி உரைக்கு முன் ஒலிவாங்கியைப் பரிசோதித்த வேளையில், அமெரிக்க ஜனாதிபதி றொனால்ட் றீகன் சோவியத் நாட்டின் மீது ஐந்து நிமிடங்களிற் குண்டுவீச்சு ஆரம்பமாகும் என்று வேடிக்கையாகக் கூறினார். அது ஒலிபரப்பாகவில்லை, எனினும் ஒலிப்பதிவு வெளிப்பட்டது, மொஸ்கோ கண்டனம் தெரிவித்தது. 2010 ஏப்ரல் 28 இல் பிரித்தானியப் பிரதமர் கோர்டன் பிறவுண், சட்டையிற் பொருத்திய ஒலிவாங்கியைக் கழற்ற மறந்து மோட்டார் வண்டியில் ஏறி, சற்று முன் தம்முடன் உரையாடிய வாக்காளர் ஒருவரை இழித்துரைத்தார். அன்று மாலைக்குள் நாடே அதனைக் கேட்டுவிட்டது. ஒலிவாங்கி விழித்திருப்பதை மறந்தமையே இவ்விருவரின் தவறு.

அம்பாறைக் கரையோரத்தின் நிலை சற்று வேறானது. இங்கு அரசியல்வாதி ஒலிவாங்கியை மறப்பதில்லை; ஒலிபெருக்கியை மரத்திலும் கம்பத்திலும் கட்டி, ஊர் முழுவதும் கேட்க வேண்டும் என்றே பேசுகின்றான். அவன் மறப்பது பக்கத்து ஊரை. தன் மக்களுக்கென்று பேசிய சொல் பிறரையும் சென்றடையும் என்பதை அவன் கணக்கில் எடுப்பதில்லை. இக்கரையோரத்திற் காவலற்ற சொல் என்பது பெரும்பாலும் இவ்வகையினதே. அதன் வரலாற்றைச் சில நிகழ்ச்சிகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கரையோரமும் அதன் செவிகளும்

மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து 1961 இல் அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டது. அதன் கிழக்கோரத்தில் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என முஸ்லிம் ஊர்கள் தெற்கு நோக்கித் தொடர்கின்றன. அவற்றின் இடையிலும் அருகிலும் பாண்டிருப்பு, காரைதீவு, தம்பிலுவில், திருக்கோவில் முதலிய தமிழ் ஊர்கள் அமைந்துள்ளன. ஓர் ஊர் முடிந்து மற்றொன்று தொடங்கும் எல்லையை வெளியூரார் எளிதில் அறிய இயலாது. இரு சமூகத்தாரும் பேசுவது தமிழே. ஆகவே ஓர் ஊரின் மேடைச் சொல் மற்றைய ஊருக்கு மொழிபெயர்ப்பின்றியே புரிகின்றது. மாவட்டத்தின் மேற்கே சிங்களக் குடியேற்றங்களும் அம்பாறை நகரும் உள்ளன. அங்கே அதே சொல் மொழிபெயர்ப்பின் ஊடாகவே செல்கின்றது. ஒரே பேச்சு ஒரு செவிக்கு நேரேயும் மற்றொரு செவிக்குத் திரிந்தும் சேர்வது இம்மாவட்டத்தின் இயல்பாயிற்று.

1977: நினைவிற் பதிந்த சொல்

1977 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணி, தமிழர் விடுதலைக் கூட்டணியுடன் இணைந்து நின்றது. அதன் முன்னணியினருள் ஒருவர் கல்முனையின் இளம் சட்டத்தரணி எம். எச். எம். அஷ்ரப். அண்ணன் அமிர்தலிங்கம் தமிழீழத்தைப் பெற்றுத் தரத் தவறினாலும் தம்பியாகிய தாம் பெற்றுத் தருவார் என்னும் கருத்துப்பட அவர் அக்காலத்து மேடையிற் பேசினார் என்பது கிழக்கில் இன்றும் வழங்கும் செய்தியாகும். அத்தேர்தலிற் கல்முனைத் தொகுதியை ஐக்கிய தேசியக் கட்சியின் ஏ. ஆர். மன்சூர் வென்றார். பின்னர் அஷ்ரப் ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸை நிறுவி, முஸ்லிம்களுக்குத் தனியான அரசியல் வழி வேண்டும் என்று வாதிட்டு, 1989 இற் பாராளுமன்றம் புகுந்தார். 1994 இல் அமைச்சரானார். 2000 செப்ரெம்பர் 16 இல் உலங்குவானூர்தி விபத்தில் அவர் மறையும் வரையும், அதன் பின்னரும், அந்தப் பழைய மேடைச் சொல் அவரைத் தொடர்ந்தது. தமிழர் சிலர் அதனை வாக்குத் தவறியமைக்குச் சான்றாகக் காட்டினர். சிங்களத் தரப்பினர் சிலர் உள்நோக்கத்துக்குச் சான்றாகக் காட்டினர்.

வரலாற்று மாணவன் இங்கு கருத வேண்டியது ஒன்றுண்டு. இச்சொல் வாய்வழி நினைவாகவே பரவியது. சொல்லுபவருக்கேற்ப அதன் வடிவமும் மாறுகின்றது. 1973 இல் ஏரிக்கரைப் பத்திரிகை நிறுவனம் அரசின் பிடிக்குள் வந்துவிட்டது. அதே ஆண்டிற் பத்திரிகைப் பேரவைச் சட்டமும் நிறைவேறியது. கிழக்கின் கரையில் நடக்கும் ஒரு கூட்டத்தின் பேச்சு அச்சேறுவதாயின், நிருபரின் குறிப்பேட்டையும் ஆசிரியரின் பேனாவையும் கடந்தாக வேண்டும். அவ்விரு தடைகளிலும் சொல் தேயலாம். ஊராரின் நினைவில் அதுவே வளரவும் கூடும். அக்காலத்துக்குரிய சான்றின் குறை இது.

ஏடுகளுக்கு வந்த தடை

போர்க்காலத்திற் சொல்லைப் பதிவு செய்வோரே இலக்காயினர். மட்டக்களப்பிற் பணியாற்றிய ஊடகவியலாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 இற் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு மார்ச் மாதத்தில் விடுதலைப் புலிகளின் கிழக்குத் தளபதியாயிருந்த கருணா என்னும் விநாயகமூர்த்தி முரளிதரன் அவ்வியக்கத்திலிருந்து பிரிந்திருந்தார். 2006 இன் இறுதிப் பகுதியில் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிற் கொழும்புத் தமிழ் நாளேடுகளின் விநியோகம் அச்சுறுத்தலால் தடைப்பட்டது. கருணா அணியினரே இதற்குப் பொறுப்பு என ஊடக உரிமை அமைப்புகள் குற்றஞ்சாட்டின. ஏடு வராத நாளில் ஊர் வதந்தியையே வாசிக்கும் என்பதை அன்றைய கரையோரத்தார் நன்கறிவர்.

2018: ஓர் எளியவனின் சொல்

அரசியல்வாதியின் சொல்லோடு ஒப்புநோக்கத்தக்க ஒரு நிகழ்ச்சி 2018 பெப்ரவரி 26 ஆம் நாள் இரவு அம்பாறை நகரில் இடம்பெற்றது. முஸ்லிம் உணவகம் ஒன்றில், உணவிற் கருத்தடை மருந்து கலக்கப்பட்டதாகச் சிலர் குற்றஞ்சாட்டினர். சிங்களம் அரைகுறையாகவே அறிந்த காசாளர், சூழ நின்று மிரட்டியோரின் கேள்விக்கு ஆம் என்னும் பொருள்பட விடையளித்தார். அக்காட்சி கைத்தொலைபேசியிற் பதிவாகி நாடெங்கும் பரவியது. உணவகமும் அருகிலிருந்த பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவிற் காணப்பட்டது மாக்கட்டியே என்று அரச இரசாயனப் பகுப்பாய்வு பின்னர் தெளிவுபடுத்தியது. அச்சத்தில் வந்த ஒரு சொல் ஒப்புதல் வாக்குமூலமாகக் கொள்ளப்பட்டமையும், உண்மை வெளியாகுமுன் தண்டனை நிறைவேறியமையும் இங்கு நோக்கத்தக்கன.

2020: நாவிதன்வெளி

கல்முனைக்கு மேற்கே, கிட்டங்கிக்கு அப்பால், வயல் சூழ்ந்த பிரதேசம் நாவிதன்வெளி. கொரோனாத் தொற்றினால் ஒத்திவைக்கப்பட்ட பொதுத் தேர்தலுக்கான பிரசாரக் கூட்டமொன்று 2020 ஜூன் மாதத்தில் அங்கு நடைபெற்றது. பேசியவர் கருணா. புலிகளிடமிருந்து பிரிந்த பின் பாராளுமன்ற உறுப்பினராகவும் பிரதி அமைச்சராகவும் விளங்கிய அவர், அத்தேர்தலில் திகாமடுல்லை மாவட்டத்திற் போட்டியிட்டார். கல்முனை வடக்குத் தமிழ்ப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துதல் அவ்வேளையிற் கரையோரத்தின் பெரும் பிரச்சினை. முந்திய ஆண்டு ஜூனில் அதற்காக உண்ணாவிரதமும், மறுதரப்பில் முஸ்லிம்களின் எதிர்ப்பும் நிகழ்ந்திருந்தன.

கருணா கொரோனாவை விட ஆபத்தானவர் என்று காரைதீவுப் பிரதேச சபைத் தலைவர் கூறியிருந்தார். அதற்கு மறுமொழி கூறுகையில், அது மெய்யே என்றும், தாம் இயக்கத்திலிருந்தபோது ஆனையிறவில் ஒரே இரவில் 2,000 முதல் 3,000 வரையான இராணுவத்தினரைக் கொன்றதாகவும் கருணா பேசினார். கூட்டத்திலிருந்தோருக்கு அது தேர்தல் வீறாப்பு. எனினும் அது பதிவாகி, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டு, சில நாட்களில் தென்னிலங்கையை எட்டியது. அங்கே அது கொலையின் ஒப்புதல் என வாசிக்கப்பட்டது. அவரைக் கைது செய்யுமாறு குரல்கள் எழுந்தன. பதிற் பொலிஸ் மா அதிபர் விசாரணைக்குப் பணித்தார். ஜூன் 25 ஆம் நாள் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் பல மணி நேரம் அவரிடம் வாக்குமூலம் பெற்றது. அவர் கைது செய்யப்படவில்லை.

ஓகஸ்ட் 5 ஆம் நாள் தேர்தலில் அவரது அணி 29,000 க்கு மேற்பட்ட வாக்குகளையும் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 25,000 க்கு மேற்பட்ட வாக்குகளையும் பெற்றன. தமிழ் வாக்குகள் இரண்டாகப் பிளவுண்டமையால் மாவட்டத்தின் 7 ஆசனங்களில் ஒன்றேனும் தமிழ் வேட்பாளருக்குக் கிடைக்கவில்லை. மேடையின் கைதட்டல் ஆசனமாக மாறவில்லை.

கேட்கப்படாத வினா

இந்நிகழ்ச்சியிற் கல்முனைச் செவிகள் கேட்டது யாது என்பதே வரலாற்று மாணவனுக்குரிய வினா. 1990 ஜூன் 11 ஆம் நாள் கல்முனை உட்படக் கிழக்கின் பொலிஸ் நிலையங்கள் பலவற்றைப் புலிகள் கைப்பற்றினர். சரணடைந்த பொலிசார் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் தொகை 600 க்கு மேற்பட்டது என்று பொதுவாகக் கூறப்படும். அவர்களுட் சிங்களவரும் முஸ்லிம்களும் இருந்தனர். பின்னர் இராணுவம் கல்முனைக்குள் நுழைந்தபோது தமிழ்ப் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். ஓகஸ்ட் 3 ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் தொழுகையில் இருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர் புலிகளாற் கொல்லப்பட்டனர். இவை நிகழ்ந்த காலத்திற் கருணா அவ்வியக்கத்தின் கிழக்குப் பொறுப்பாளருள் முதன்மையானவர். இவற்றுக்குத் தாம் பொறுப்பல்லர் என்று அவர் மறுத்து வந்துள்ளார்.

ஆனையிறவு போர்க்களம், இரு தரப்பாரும் ஆயுதம் தாங்கி நின்ற இடம். கல்முனைப் பொலிசார் ஆயுதத்தைக் கையளித்தோர். காத்தான்குடியார் தொழுகையில் நின்றோர். போர்க்களத்தைப் பற்றிய வீறாப்பு நாட்டின் சீற்றத்தைக் கிளறியது. சரணடைந்தோரையும் தொழுதோரையும் பற்றிய வினா அச்சீற்றத்தினிடையே எழவில்லை. அன்று கரையோரத்துத் தாய்மார் பலர் எதிர்பார்த்திருக்கக் கூடிய வினா அதுவே.

சட்டத்தின் செவியும் இவ்வாறே இயங்குவதைக் காணலாம். 2003 இல் ஹபராதுவையில் நடந்த கூட்டமொன்றில் உயர் நீதிமன்றத்தை இழித்துப் பேசியமைக்காக எஸ். பி. திசாநாயக்கவுக்கு 2004 டிசம்பரில் இரண்டாண்டுக் கடூழியச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நிறுவனத்தின் மதிப்பைத் தாக்கும் சொல் விரைவிற் தண்டனை பெறுகின்றது. மனிதரின் மரணத்தைச் சுட்டும் சொல் ஒரு வாக்குமூலத்துடன் கோவைக்குள் அடங்குகின்றது. 2025 மார்ச் 24 இற் பிரித்தானிய அரசு, போர்க்கால மனித உரிமை மீறல்கள் தொடர்பாக, முன்னாட் படைத் தளபதிகள் மூவருடன் கருணாவுக்கும் தடைகளை விதித்தது. உள்நாட்டில் எழாத வினா கடல் கடந்து எழுந்தது என்று இதனைக் கொள்ளலாம்.

முடிவுரை

பாராளுமன்றத்திற் தகாத சொல் பேசப்பட்டால் சபாநாயகர் அதனை ஹன்சாட்டிலிருந்து நீக்குமாறு பணிக்கலாம். மேடையிற் சபாநாயகர் இல்லை. அங்கே அப்பணி ஊடகவியலாளனைச் சேர்கின்றது. ஆனால் அவன் செய்ய வேண்டியது நீக்கலன்று, நிறைவு செய்தல். 1977 இன் சொல் பதிவின்றி நினைவிற் திரிந்தது. 2018 இன் சொல் பதிவாகியும் மொழி அறியாமையால் திரிந்தது. 2020 இன் சொல் பதிவாகி, சரியாகவே பெயர்க்கப்பட்டும், அதன் பின்னணியிலிருந்து அறுபட்டுத் தனித்து நின்றது. சொல்லைப் பிடிக்கும் கருவிகள் வளர்ந்த அளவுக்கு அதன் பொருளை ஆராயும் பழக்கம் வளரவில்லை என்பதையே இம்மூன்றும் உணர்த்துகின்றன.

வாய் தவறிய சொல்லைப் பரபரப்புச் செய்தியாக்குதல் எளிது. அச்சொல் எந்தக் கதவைத் திறந்தது என்று நோக்கி, உள்ளே செல்லுதலே அரிய பணி. தமிழ், முஸ்லிம், சிங்கள மக்கள் அருகருகே வாழும் இம்மாவட்டத்தில் மூவர் செவிக்கும் ஒரே செய்தியைத் திரிபின்றிச் சேர்க்கும் ஏடும், அதன் அடியிலுள்ள வினாவை அஞ்சாது கேட்கும் செய்தியாளனும் இன்றியமையாதவர். நாவிதன்வெளியில் ஒலிபெருக்கி அடங்கிப் பல ஆண்டுகள் கழிந்துவிட்டன. 1990 ஜூனிற் கல்முனையிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோரின் உறவினர் விடைக்காக இன்னும் காத்திருக்கின்றனர்.