விளையாட்டு மைதானத்தில் பிறந்த வினா

1935ஆம் ஆண்டில் ஹெர்பர்ட் ஸைமன் என்ற கல்லூரி மாணவர், அமெரிக்காவில் தாம் பிறந்த மில்வாக்கி நகரின் விளையாட்டு மைதானங்களை ஆராயச் சென்றார். இருக்கும் பணத்தில் மைதானத்தைப் பராமரிக்க எவ்வளவு, சிறுவர்களை விளையாடுவிக்கும் ஆசிரியருக்கு எவ்வளவு என்பதில் அங்கே பிணக்கு. ஒவ்வொரு காசின் பயனையும் எடைபோட்டே மனிதர் செலவிடுவர் என்றது பொருளியல் பாடநூல். அங்கே எவரும் அவ்வாறு கணக்கிடக் காணோம்!

பள்ளி வரவுசெலவோடு பல்லாண்டு மல்லாடிய எனக்கு இதில் வியப்பில்லை. ஸைமனோ அதை விடவில்லை. மனிதனுடைய அறிவும் நேரமும் அளவுடையவை. ஆதலால் அவன் மிகச் சிறந்ததைத் தேடி அலையாமல், போதுமானது கிட்டியதும் நின்றுவிடுகிறான் என்றார். இக்கருத்து பின்னர், 1978இல், அவருக்குப் பொருளியல் நோபெல் பரிசைத் தேடித் தந்தது.

ஆனால் மனம் எவ்வாறு தேடுகிறது? ஆலன் நியூவெலும் அவரும் தருக்கத் தேற்றங்களை மெய்ப்பிக்கும் நிரல் ஒன்றை வகுத்தனர். அது கணிப்பொறியில் ஓடுமுன், 1956 ஜனவரியில், ஸைமன் தம் மனைவி, மக்கள் மூவர், மாணவர் சிலர் ஆகியோரைக் கூட்டி, ஆளுக்கோர் அட்டை கொடுத்தார். ஒவ்வோர் அட்டையும் நிரலின் ஓர் உறுப்பு. அட்டை சொன்னபடி நடந்து, அந்தக் குடும்பமே ஒரு பொறியாயிற்று! பின்னர் அந்நிரல், ரஸ்ஸலும் ஒயிட்ஹெட்டும் எழுதிய நூலின் ஓர் அத்தியாயத்தில் முதல் 52 தேற்றங்களுள் 38ஐ மெய்ப்பித்தது.

வெற்றி அவரைச் சற்று மயக்கியது போலும். பத்தாண்டுக்குள் கணிப்பொறி சதுரங்கத்தில் உலக வாகை சூடும் என்று 1957இல் சொன்னார். உலக வாகையரான காஸ்பரோவ் பொறியிடம் போட்டித்தொடரில் தோற்றது 1997இல்தான்.