மழைச்சோறும் கொடும்பாவியும்: தமிழ் ஊர்களின் மழை வேண்டுதல்

மழை பொய்த்த ஆண்டுகளில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் மழைச்சோற்று நோன்பு நடக்கும். பெண்கள் பானையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். வீட்டுக்கு ஒரு கை உப்பில்லாச் சோறு விழும். இருப்பவர் வீட்டுச் சோறும் இல்லாதவர் வீட்டுக் கஞ்சியும் ஒரே பானையில் கலந்துவிடும். ஊர்ப் பொது இடத்தில் அதை எல்லோரும் பங்கிட்டு உண்பார்கள். விதைத்தது முளைக்கவில்லை, முளைத்தது கருகிவிட்டது, இனி ஊரைவிட்டுப் போவதைத் தவிர வழியில்லை என்று பாடுவார்கள். இந்தக் கோலத்தைக் கண்டு வானம் மனமிரங்கும் என்பது நம்பிக்கை. உப்பில்லாத சோறு என்பது சின்ன விஷயம்தான். ஆனால் பஞ்சம் நாக்கில் எப்படி இருக்கும் என்பதை ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் சுவைத்துப் பார்த்துவிட்டு, அதையே கடவுளிடம் சொல்லும் வேண்டுதல் இது.

மழைக்காக வேண்டும் வழக்கம் தமிழில் மிகப் பழையது. புறநானூற்றின் 143ஆம் பாட்டில் கபிலர் மலைக்குறவரைக் காட்டுகிறார். மழை வேண்டிப் பலி தூவியவர்கள், மழை மிகுந்துவிட்டபோது மேகம் விலக வேண்டும் என்று மறுபடி கடவுளை வேண்டுகிறார்கள். அந்த வேண்டுதலும் பலித்தபின் மகிழ்ந்து தினைச்சோறு உண்கிறார்கள். திருக்குறளில் கடவுள் வாழ்த்தை அடுத்து வருவது வான்சிறப்பு. வானம் வறண்டால் தேவர்களுக்கு இங்கே திருவிழாவும் பூசையும் நடக்காது என்கிறார் வள்ளுவர். மழை கேட்டுப் போகிறவருக்கு அபிஷேகத்துக்கே தண்ணீர் இருக்காது. வெறுங்கையோடுதான் போய் நிற்க வேண்டும்.

பக்தி இயக்கக் காலத்தில் பஞ்சமும் பதிகமும் சேர்ந்தே பேசப்படுகின்றன. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது சம்பந்தரும் அப்பரும் இறைவனிடம் நாள்தோறும் படிக்காசு பெற்று அடியார்களுக்கு அமுது படைத்ததைப் பெரியபுராணம் விரித்துச் சொல்கிறது. சம்பந்தருக்குக் கிடைத்த காசில் ஒரு குறை இருந்தது. கடைத்தெருவில் அதை மாற்ற வட்டம், அதாவது கழிவு, பிடித்தார்கள். மாற்றிப் பொருள் வாங்கி வருவதற்குள் அவர் மடத்தில் சாப்பாடு தாமதமானது. சம்பந்தர் வருத்தத்தை மனதில் வைத்துப் பூட்டாமல், காசின் குறையைத் தீர்த்துத் தரும்படி பதிகமாகவே பாடிவிட்டார். கிடைத்ததில் உள்ள குறையைக்கூடக் கொடுத்தவனிடமே போய்ச் சொல்லலாம் என்ற உரிமை தமிழ்ப் பக்தியின் தனிச்சொத்து.

திருப்புன்கூரில் சுந்தரர் பாடியதும் இந்த வகைதான். வறட்சியில் தவித்த ஊரார், மழை பெய்தால் பன்னிரண்டு வேலி நிலம் தருவதாகச் சொன்னார்கள். மழை வந்தது, வெள்ளமாகவும் ஆனது. அதை நிறுத்த இன்னொரு பன்னிரண்டு வேலி. இந்தச் செய்தி சுந்தரர் தேவாரத்திலேயே இருக்கிறது. கபிலரின் குறவர் கேட்ட இரண்டு வரங்களையே ஆற்றுப் பாசன ஊரும் கேட்டிருக்கிறது.

கோயில்களில் இந்த வேண்டுதல் ஒழுங்கான சடங்குகளாக வளர்ந்தது. நந்தியைச் சுற்றித் தொட்டி கட்டிக் கழுத்தளவு நீர் நிரப்புவது, நீரில் நின்றபடி வருண ஜபம் செய்வது, மேகராகக் குறிஞ்சிப் பண்ணில் சம்பந்தர் பதிகம் பாடுவது ஆகியவை இன்றும் உண்டு. எட்டயபுரத்தில் முத்துசாமி தீட்சிதர் அமிர்தவர்ஷினி ராகத்தில் பாடி மழை வந்ததாக இசை மரபு சொல்கிறது.

ஊர்த்தெருவில் நடந்த சடங்கு இவற்றைவிடக் கடுமையானது. வைக்கோலால் கொடும்பாவி என்ற உருவம் செய்து, கயிறு கட்டித் தெருத்தெருவாக இழுத்துப் போவார்கள். பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள். கடைசியில் சாவுச் சடங்கு செய்து எரித்துவிடுவார்கள். ஊரில் யாரோ செய்த பாவம்தான் மழையை நிறுத்தி வைத்திருக்கிறது என்ற எண்ணம் இதன் அடியில் இருக்கிறது. அந்த எண்ணம் பொல்லாதது; பசித்த ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் மேலேயே பாயக்கூடியது. இந்தச் சடங்கிலோ பழி வைக்கோல் மேல் விழுந்து சாம்பலாகிவிடும். அழுகையும் கோபமும் வெளியே வந்துவிடும்.

தமிழ் முஸ்லிம்கள் மழைத் தொழுகைக்குப் பள்ளிவாசலை விட்டுத் திறந்த திடலுக்குப் போவார்கள். சிறுவர்களும் முதியவர்களும் உடன் வருவதுண்டு. இரண்டு ரக்அத் (தொழுகைச் சுற்று) தொழுது பாவமன்னிப்புக் கேட்பார்கள். இமாம் தம் மேல்துண்டை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போடுவார். இந்த நிலை மாறட்டும் என்பதை வாயால் கேட்பதோடு துணியாலும் காட்டும் செயல் அது. கிறிஸ்தவ ஊர்களில் மழைக்காகச் சிறப்பு ஜெபங்களும் உபவாசமும் நடந்தன.

வேண்டினால் மழை வரும் என்ற நம்பிக்கை கடும் சோதனைக்கு உள்ளானது தாது வருடப் பஞ்சத்தில். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் மாண்டார்கள். நிவாரண வேலைக்கான கூலியை பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்டு டெம்பிள் ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசுமாகக் குறைத்தார். பஞ்சத்தின் நடுவிலும் தானியம் கப்பலேறியது. வானம் பொய்த்தது பாதி என்றால், மனிதர் கைவிட்டது மறுபாதி. சென்னை நகருக்குள் பக்கிங்காம் கால்வாயின் சுமார் 8 கிலோமீட்டர் இணைப்பை வெட்டியவர்கள் இந்தப் பஞ்சத்தில் பிழைக்க வந்த கூலிகள். பலர் கடல் கடந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். ஊரைவிட்டுப் போகிறோம் என்று நோன்புப் பாட்டில் பாடியது அவர்கள் வாழ்க்கையில் நிஜமாகவே நடந்துவிட்டது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பம்புசெட்டும் ஆழ்துளைக் கிணறும் வந்தபின் மழைச்சோறு எடுப்பது அருகியது. தண்ணீர் அவரவர் வயலுக்கு அடியிலிருந்து வரத் தொடங்கியதும், ஊர் முழுவதும் ஒரு பானையின் முன் கூட வேண்டிய தேவை குறைந்தது. வேண்டுதல் நிற்கவில்லை. 2019இல் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது, மழைக்கான வழிபாடு நடத்தும்படி கோயில்களுக்கு இந்து சமய அறநிலையத் துறை அறிவுறுத்தியது. நந்தியைச் சுற்றி நீர் நின்றது. திடல்களில் மழைத் தொழுகையும் தேவாலயங்களில் ஜெபமும் நடந்தன. ஜூனில் கொஞ்சம் மழை பெய்தது; ஏரிகள் நிறையவில்லை. ஜூலை 12 முதல் ஜோலார்பேட்டையிலிருந்து நடைக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ரயில் வரத் தொடங்கியது. தெருவில் குடங்கள் வரிசையில் நின்றன. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில்தான் வந்து சேர்ந்தது.