மருக்கடியனின் புல்வெளி

சுவீடன் நாட்டுக் குடியானவர்கள் கையில் மரு வந்தால் ஒரு பெரிய பச்சைப் பூச்சியைப் பிடித்து அதைக் கடிக்க விடுவார்களாம். அந்த நாட்டவரான கார்ல் லின்னேயஸ் 1758இல் தம் ‘சிஸ்டமா நேச்சுரே’ நூலின் 10ஆம் பதிப்பில் அந்தப் பூச்சியைச் சேர்த்தபோது, ‘மருவைத் தின்பது’ என்ற பொருளில் ‘வெருசிவோரஸ்’ என்று பெயர் வைத்தார். 1831இல் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் செர்வில் அதன் பேரினத்துக்கு ‘டெக்டிகஸ்’ என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் ‘கடிக்க வல்லது’ என்று பொருள். ஆங்கிலத்தில் ‘வார்ட் பைட்டர்’. இந்தக் கட்டுரையில் நான் மருக்கடியன் என்கிறேன். வைத்தியம் வழக்கொழிந்துவிட்டது, பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது. நான் வாழும் தென் இங்கிலாந்தில் அந்தப் பெயருக்குரிய உயிர் விரல்விட்டு எண்ணக்கூடிய சில இடங்களில்தான் மிஞ்சியிருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் புல்லுக்குள் துள்ளுகிற எல்லாவற்றையும் நாங்கள் தத்துவெட்டியான் என்றே சொல்வோம். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு பெரிய குலங்கள் இருக்கின்றன. குட்டையான, தடித்த உணர்கொம்பு உடையவை ஒரு குலம். நூல்போல நீண்ட உணர்கொம்பும் முன்னங்கால்களில் காதும் கொண்டவை மற்றது. மருக்கடியன் இரண்டாவது குலத்தைச் சேர்ந்தது. உடல் பருத்தது, நீளம் 3 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். பச்சை இறக்கையில் கரும்புள்ளிகள் இருக்கும். பெண்ணின் பின்புறத்தில் வாள்போல நீண்ட முட்டையிடும் உறுப்பு உண்டு. அதே சரிவுகளில் வாழும் பெரும்பச்சைப் பூச்சி இதைவிட நீளமானது, புள்ளிகள் அற்றது, மாலையிலும் இரவிலும் பாடுவது. மருக்கடியன் ஆண் வெயிலில் மட்டுமே பாடும். இறக்கைகளை உரசி எழுப்பும் அந்த ஒலி, சின்னஞ்சிறு ‘டிக்’குகள் விடாமல் தொடர்வது போலிருக்கும். மேகம் மறைத்தால் நின்றுவிடும். புல்லின் நிறத்திலேயே இருக்கும் இந்தப் பூச்சியைத் தேடுபவர்கள் முதலில் நம்புவது காதைத்தான்.

ஐரோப்பாவிலும் ஆசியாவின் மிதவெப்பப் பகுதிகளிலும் இது பரவலாக உண்டு. பிரித்தானியாவின் குளிர்ந்த கோடை மட்டும் இதற்குப் போதவில்லை. அதனால் சூரியனைப் பார்த்த சுண்ணாம்புக் குன்றுகளின் சரிவுகளையே பெரும்பாலும் அண்டி வாழ்கிறது. பிரைட்டனுக்கு அருகிலுள்ள காசில் ஹில் இயற்கைக் காப்பகம் அவற்றில் முக்கியமானது.

அந்தச் சரிவுகளைத் தானாக வளர்ந்த புல்வெளி என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அவை நூற்றாண்டுகளாக ஆடுகள் மேய்ந்து உருவானவை. சசெக்ஸ் இடையர்கள் பகலில் ஆடுகளைக் குன்றில் மேய்த்து, இரவில் கீழே தோட்ட நிலத்தில் பட்டி அடைப்பார்கள். எருவுக்காக வயலில் பட்டி அடைக்கும் வழக்கம் நம் ஊர்களிலும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அந்தத் தொழில் தேயத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உணவுக்காகக் குன்றுகளின் பெரும்பகுதி உழப்பட்டது. ஆடுகள் போன பின்பும் புல்லைக் கட்டையாக வைத்திருந்தவை முயல்கள். 1953இல் பிரித்தானியாவுக்கு வந்த மிக்சோமடோசிஸ் நோய் சில ஆண்டுகளில் அவற்றையும் ஏறக்குறைய துடைத்துவிட்டது. உழுதும் உரமிட்டும் மாற்றப்படாத தாழ்நிலப் புல்வெளிகளில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1930களுக்கும் 1984க்கும் இடையில் 97 வீதம் இல்லாமற் போயின.

1981ஆம் ஆண்டின் வனவுயிர், நாட்டுப்புறச் சட்டம் மருக்கடியனைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. பிடித்தாலோ கொன்றாலோ தண்டனை. ஆனால் புல் எவ்வளவு உயரம் வளரலாம் என்று எந்தச் சட்டமும் சொல்ல முடியாது. பெருநீலம் என்ற வண்ணத்துப்பூச்சியின் கதை இதற்கு முன்பே நடந்திருந்தது. சேகரிப்பவர்களுக்கு அஞ்சி அதன் இடமொன்றுக்கு வேலியிட்டார்கள். வேலி மாடுகளையும் தடுத்தது. புல் உயர்ந்து நிலம் குளிர்ந்தது. அந்தப் பூச்சியின் புழுவை வளர்த்த எறும்பினம் மறைந்தது. காரணத்தை ஜெரமி தொமஸ் கண்டுபிடித்துச் சொன்ன வேளையில் காலம் கடந்திருந்தது. 1979இல் பிரித்தானியப் பெருநீலம் அற்றுப்போனது. பிறகு அதைச் சுவீடனிலிருந்துதான் கொண்டுவர வேண்டியிருந்தது.

மருக்கடியனுக்கு அந்த முடிவு வராமலிருக்க, அதன் வாழ்க்கையை அடியடியாகப் பின்தொடர வேண்டியிருந்தது. ஆண்ட்ரூ செரிலும் வலரி பிரவுனும் 1990இல் வெளியிட்ட ஆய்வுகள் அதைச் செய்தன. பெண் பூச்சி வெறும் மண்ணிலும் கட்டைப் புல்லிலும் முட்டையிடுகிறது. வசந்தத்தில் வெளிவரும் குஞ்சுக்கு வெயில் படும் கட்டைப் புல் வேண்டும். வளர்ந்து பருத்தபின் பறவைகளிடமிருந்து ஒளிந்துகொள்ள உயரமான புற்கொத்து வேண்டும். பறந்து தொலைவு போகும் வழக்கம் இதற்கு இல்லை. ஆகவே இவை எல்லாம் அடுத்தடுத்து, சில எட்டுத் தூரத்துக்குள் இருக்க வேண்டும். மேய்ச்சலே இல்லாவிட்டாலும் கேடு, அளவு மீறினாலும் கேடு. ஆடு புல்லை ஒட்டக் கடிக்கும். மாடு நாக்கால் சுற்றி இழுத்து, அங்கங்கே கொத்துகளை விட்டுப் போகும். எந்த விலங்கு, எத்தனை, எந்த மாதம் என்பது அதனால்தான் காப்பகப் பொறுப்பாளரின் முதல் கேள்வியாகிறது.

லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் இவற்றை வளர்த்தும் பார்த்தார்கள். ஒன்றையொன்று தின்னும் என்பதால் தனித்தனியாக வளர்க்க வேண்டியிருந்தது. அப்படி வளர்ந்தவை கென்ற் மாவட்டத்துச் சரிவில் விடப்பட்டன. ஆனால் கூண்டில் எத்தனை வளர்த்தாலும், விடுவதற்கு மேய்ந்த நிலம் வேண்டும். இடையரின் அன்றாடப் பிழைப்பாக இருந்தது இன்று திட்டமிட்டு, பணம் ஒதுக்கி, ஆண்டுதோறும் செய்யவேண்டிய வேலையாகிவிட்டது.

அந்த வேலையில் ஏற்படும் குறை உடனே தெரியாது என்பதே எனக்கு அச்சம் தருவது. மண்ணுக்குள் போகும் முட்டை குறைந்தது இரண்டு குளிர்காலம் கிடந்த பிறகே பொரிக்கிறது. இந்த ஆண்டு செலவைக் குறைக்க மாடுகளை நிறுத்தினாலும் அடுத்த ஆடியில் குன்று வழமைபோலப் பாடும். அதற்கடுத்த கோடையிலும் சில குரல்கள் கேட்கலாம். குரல் குறைந்ததை ஒருவர் கவனித்துச் சொல்லும்போது, புல் எப்போதோ உயர்ந்திருக்கும்.