ரேந்தை பின்னிய விரல்கள்: நாகர்கோவில் லேசின் கதை

கார்த்திகை மாதம் பிறந்துவிட்டால் கன்னியாகுமரி மாவட்டத்தில் பண்டிகைக் காலம் தொடங்கிவிடும். முதலில் திருக்கார்த்திகை, அதற்கு ஓலைக் கொழுக்கட்டை. அடுத்து கிறிஸ்துமஸ். அது முடிந்த கையோடு பொங்கல். இந்த இரண்டு மாதமும் வீட்டில் இருக்கும் இளம்பெண்களின் கைக்கு ஓய்வே இருக்காது. குருத்தோலை நறுக்குவது, மூங்கில் கீற்றில் நட்சத்திரம் கட்டுவது, குடிலுக்குப் புல் பரப்புவது, தோவாளைப் பூவைத் தொடுப்பது என்று ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கும். இவற்றோடு புதுத் துணி தைக்கும் வேலையும் உண்டு. சட்டையின் கையிலும் பாவாடை விளிம்பிலும் லேஸ் வைத்துத் தைத்தால்தான் பண்டிகைக்கு எடுத்த உடுப்பு என்று தோன்றும்.

இன்று அந்த லேஸ் ஜவுளிக் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. யாரும் அதை இரண்டாம் முறை திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் இந்த மாவட்டத்தில் லேசுக்கு இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அது அடிமைகளாக இருந்த பெண்களின் வரலாறு. ஒரு துண்டுத் துணிக்காக அடிபட்ட பெண்களின் வரலாறும் அதோடு சேர்ந்ததுதான்.

யார் எதை உடுத்தலாம்?

1800-களின் தொடக்கத்தில் நாஞ்சில் நாடும் அதை அடுத்த கல்குளம், விளவங்கோடு பகுதிகளும் திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தன. அன்று உடை என்பது ஒருவரின் விருப்பமாக இருக்கவில்லை. அது சாதியின் அடையாளம். எந்தச் சாதிப் பெண் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தலாம், யார் மார்பை மறைக்கலாம், யார் எந்த நகையை அணியலாம் என்பதற்கெல்லாம் விதிகள் இருந்தன. நாடார், ஈழவர், பறையர், புலையர் முதலிய சாதிப் பெண்கள் மேல்சாதியார் முன்னிலையில் மார்பை மறைக்கக் கூடாது. நாயர் பெண்கள் தோள்சீலை அணியலாம். ஆனால் அவர்களும் தங்களைவிட உயர்ந்தவர்களாகக் கருதப்பட்டோர் முன் அதை விலக்க வேண்டியிருந்தது. ஆக, மேலே போர்த்தும் ஒரு முழத் துணிதான் யார் மேல், யார் கீழ் என்று சொல்லும் அளவுகோல்.

இதற்கு மேல் ஊழியம் என்ற பெயரில் கூலியில்லா வேலை. அதற்கும் கீழே நிலத்தோடு சேர்த்து வாங்கவும் விற்கவும்பட்ட அடிமைகள். திருவிதாங்கூரில் அடிமை முறை முழுவதுமாக ஒழிக்கப்பட்டது 1855-ல்தான்.

நாகர்கோவிலுக்கு வந்த தலையணை

1806-ல் லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியர் மயிலாடிக்கு வந்தார். அவரை அங்கே வரவழைத்தவர் அவ்வூரைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கம். ரிங்கல்தௌபேக்குப் பின் வந்த சார்லஸ் மீட், மிஷனின் தலைமை இடத்தை நாகர்கோவிலுக்கு மாற்றினார். 1819-ல் சார்லஸ் மால்ட், அவர் மனைவி மார்த்தா மால்ட் ஆகியோர் நாகர்கோவில் வந்து சேர்ந்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் இங்கேயே இருந்தார்கள்.

பெண்பிள்ளைகள் பள்ளிக்குப் போவதே கேள்விப்படாத காலத்தில், மார்த்தா மால்ட் அவர்களுக்கென்று தங்கிப் படிக்கும் பள்ளியை நடத்தினார். அன்று தொடங்கிய அந்தப் பெண்கல்விப் பணியின் தொடர்ச்சிதான் இன்றைய டதி பெண்கள் பள்ளி. ஆனால் ஒரு சிக்கல். வந்த பிள்ளைகள் பெரும்பாலும் ஏழைகள். சிலர் அடிமைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பெண் பிள்ளை படிக்கப் போனால் வீட்டுக்கு வர வேண்டிய கூலி நின்றுபோகும். சோறு யார் போடுவது? துணி யார் கொடுப்பது? இந்தக் கேள்விக்கு மார்த்தா மால்ட் கண்ட பதில்தான் லேஸ். 1820-களின் தொடக்கத்திலேயே பாடத்தோடு சேர்த்து லேஸ் பின்னும் வேலையும் அந்தப் பள்ளியில் தொடங்கிவிட்டது.

லேசுக்குத் தென்தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ‘ரேந்தை’ என்று ஒரு பெயர் உண்டு. போர்ச்சுகீசிய மொழியில் லேசுக்குப் பெயர் ‘ரெண்டா’. அங்கிருந்து வந்த சொல் இது. இலங்கையின் காலி, வெலிகமப் பகுதிகளில் இன்றும் பின்னப்படும் ‘பீரளு’ ரேந்தையும் போர்ச்சுகீசியர் வழி வந்ததாகவே சொல்லப்படுகிறது. அதாவது ஆங்கில மிஷனரிகள் வருவதற்கு முன்பே ரேந்தை இந்தக் கடற்கரைகளுக்குத் தெரிந்த பொருள். மார்த்தா மால்ட் செய்தது, அதை ஏழைப் பெண்பிள்ளைகளின் தொழிலாக்கியது.

எப்படிப் பின்னுவார்கள்?

தலையணை மேல் கட்டைகளால் பின்னும் இந்த வகை லேசுக்குத் தையல் ஊசி தேவையில்லை. கெட்டியாக அடைத்த ஒரு தலையணை வேண்டும். அதன் மேல் பூ வேலையின் மாதிரியைப் புள்ளி புள்ளியாகக் குத்திய அட்டையை வைப்பார்கள். சிறிய மரக்கட்டைகளில் நூலைச் சுற்றி, அந்தக் கட்டைகளைத் தலையணையிலிருந்து தொங்கவிடுவார்கள். பிறகு இரண்டே அசைவுகள்தான்: ஒரு நூலை இன்னொன்றின் மேல் குறுக்கே போடுவது, முறுக்குவது. ஒவ்வொரு பின்னலும் குலையாமல் இருக்க அந்தப் புள்ளியில் ஒரு குண்டூசி. சாதாரணப் பட்டைக்குச் சில ஜோடிக் கட்டைகள் போதும். அகலமான வேலைக்குப் பல டஜன் கட்டைகள் வேண்டும். அத்தனையும் எந்த வரிசையில் எங்கே போக வேண்டும் என்பது விரலுக்கு மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும். ஒரு கட்டை மாறினால் பூ கெட்டுவிடும். நாள் முழுக்க உட்கார்ந்தாலும் சில அங்குலம்தான் நகரும்.

இதில் வணிகம் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 1808-ல் இங்கிலாந்தில் ஜான் ஹீத்கோட் என்பவர் லேஸ் பின்னும் இயந்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டார். நாட்டிங்ஹாம் நகரமே லேஸ் ஆலைகளால் வளர்ந்தது. அப்படியானால் நாகர்கோவிலில் ஒரு சிறுமி கையால் பின்னிய லேசை யார் வாங்குவார்கள்? இயந்திர லேஸ் மலிவானதும் கையால் பின்னியது செல்வந்தர்களின் அடையாளமாகிவிட்டது. 1840-ல் விக்டோரியா அரசி தன் திருமண உடைக்கு ஹானிட்டன் கை லேசைத் தேர்ந்தெடுத்ததும் இங்கிலாந்துக் கைத்தொழிலாளிகளுக்கு ஆதரவாகத்தான். இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரக் குடும்பங்களும் இங்கிலாந்தில் மிஷனுக்கு ஆதரவாக இருந்தவர்களும் நாகர்கோவில் லேசை வாங்கினார்கள். மூலப்பொருள் கொஞ்சம் நூல் மட்டுமே. மீதி விலை முழுவதும் உழைப்புக்கும் திறமைக்கும்தான்.

நூலில் கிடைத்த விடுதலை

லேஸ் விற்ற பணம் பள்ளியை நடத்த உதவியது. பிள்ளைகளின் உணவுக்கும் உடைக்கும் உதவியது. இவை எல்லாவற்றையும்விட முக்கியமான செலவு ஒன்று இருந்தது. அடிமைகளாக இருந்த பெண்பிள்ளைகள் சிலர், தாங்கள் லேஸ் பின்னிச் சேர்த்த பணத்தைக் கொடுத்துத் தங்கள் விடுதலையை வாங்கினார்கள்!

அரசு அடிமை முறையை ஒழிக்க 1855 வரை ஆயிற்று. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்தப் பிள்ளைகள் தங்கள் விலையைத் தாங்களே கட்டிவிட்டு வெளியே வந்தார்கள். அவர்கள் பெயர்களை யாரும் கல்வெட்டில் வைக்கவில்லை. ஆனால் நாஞ்சில் நாட்டுப் பெண்களின் பொருளாதாரச் சுதந்திரம் பற்றிப் பேசுபவர்கள் அந்தத் தலையணைகளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

குப்பாயமும் கலகமும்

மிஷன் பள்ளிக்கு வந்த பெண்கள் மேலாடை அணிந்தார்கள். மிஷனரிகளின் மனைவிமார் தளர்வான ஒரு சட்டையைத் தைத்துப் பழக்கினார்கள். அதுதான் குப்பாயம். 1812-லும் 1814-லும் திவானாக இருந்த கர்னல் மன்றோ, கிறிஸ்தவர்களான நாடார் பெண்கள் சிரியன் கிறிஸ்தவப் பெண்களைப் போல் குப்பாயம் அணியலாம், ஆனால் நாயர் பெண்களைப் போல் தோள்சீலை அணியக் கூடாது என்று உத்தரவிட்டார். பெண்கள் இரண்டையும் அணிந்தார்கள். குப்பாயத்தின் மேல் தோள்சீலையையும் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார்கள்.

அங்கேதான் பிரச்சினை வெடித்தது. 1822-ல் கல்குளம், இரணியல் பகுதிகளில் சந்தைகளிலும் தெருக்களிலும் பெண்களின் மேலாடைகள் கிழிக்கப்பட்டன. 1823-ல் பத்மநாபபுரம் நீதிமன்றம் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் 1827 முதல் மீண்டும் கலவரம். 1829-ல் ராணி கௌரி பார்வதி பாயின் அரசு வெளியிட்ட அறிவிப்பு குப்பாயத்தை மட்டும் அனுமதித்து, தோள்சீலையைத் தடை செய்தது. ஊழிய வேலையும் தொடர வேண்டும் என்றது.

இது கிறிஸ்தவர்களின் போராட்டம் மட்டும்தானா என்றால், இல்லை. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் தன்னிடம் வந்த மக்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். தோளில் துண்டு போடவே அனுமதியில்லாத மக்களின் தலையில் அந்தத் துணி ஏறியது. மேலாடை உரிமை கேட்டவர்களில் இந்து நாடார் பெண்களும் இருந்தார்கள்.

மூன்றாவது கலவரம் 1858-ன் இறுதியிலும் 1859-ன் தொடக்கத்திலும் நடந்தது. வீடுகளும் ஜெபக்கூடங்களும் எரிந்தன. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரவெலியன் திருவிதாங்கூர் அரசை நெருக்கினார். கடைசியில் 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா, நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அறிவித்தார். அதிலும் ஒரு நிபந்தனை: உயர்சாதிப் பெண்களைப் போல் அணியக் கூடாது! நாடார் அல்லாத மற்ற ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்கும் இந்த உரிமை கிடைக்க 1865 ஆயிற்று.

இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனம் கனக்கிறது. நாகர்கோவிலில் ஒரு பெண் பின்னிய லேஸ் கடல் கடந்து போய் யாரோ ஒரு சீமாட்டியின் கழுத்தை அலங்கரிக்கிறது. அதே காலத்தில் அதே ஊருக்குப் பக்கத்துச் சந்தையில், அவள் உறவுக்காரி தோளில் போட்ட முரட்டுத் துணிக்காக அடி வாங்குகிறாள்.

தாயிடமிருந்து மகளுக்கு

லேஸ் வேலை நாகர்கோவிலோடு நிற்கவில்லை. மால்ட் தம்பதியின் மகள் எலைசா 1844-ல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ல் வெளியிட்ட அதே கால்டுவெல்தான். எலைசா நாகர்கோவிலில் வளர்ந்தவர். இடையன்குடியில் பெண்கள் பள்ளியைத் தொடங்கிய அவர், தாயிடம் கற்ற லேஸ் வேலையையும் அங்கே கொண்டு போனார். தேரிக்காட்டு மணலில் பனையைத் தவிர வேறு பிழைப்பில்லாத ஊர்ப் பெண்களுக்கு அது ஒரு வருமானம்.

1897-ல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூடு வந்த மேரி லூயிஸ் தெ மீஸ்டர் என்ற கத்தோலிக்கத் துறவியும் அங்கிருந்த அனாதைப் பெண்பிள்ளைகளுக்கும் ஏழைப் பெண்களுக்கும் தையலும் லேசும் கற்றுக் கொடுக்கும் பணியை வளர்த்தார். கை லேசுக்குப் பெயர் போன நாடு பெல்ஜியம். இப்படி வேறு வேறு சபைகள், வேறு வேறு நாடுகள் வழியாக ஒரே தொழில் இந்தச் சிறிய மாவட்டத்துக்குள் வந்து சேர்ந்தது.

கணக்கின் மறுபக்கம்

எல்லாம் நல்லதாகவே முடிந்தது என்றும் சொல்லிவிட முடியாது. வீட்டில் இருந்தபடி லேஸ் பின்னும் பெண்ணை ‘சும்மா இருக்கும் நேரத்தில் ஏதோ செய்கிறாள்’ என்றே உலகம் பார்த்தது. ஆந்திராவின் நரசாபூரில் லேஸ் பின்னும் பெண்களை ஆய்வு செய்த மரியா மீஸ் 1982-ல் வெளியிட்ட நூல் இதைத்தான் காட்டியது. லேஸ் ஏற்றுமதியாகிறது, வியாபாரிகள் பணக்காரர்களாகிறார்கள், பின்னுகிறவள் மட்டும் இல்லத்தரசி என்றே எழுதப்படுகிறாள். உழைப்புக்குத் தொழில் என்ற பெயர் கிடைக்காதபோது அதற்கு நியாயமான விலையும் கிடைப்பதில்லை.

கன்னியாகுமரியில் வடசேரிக் கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. 2025-ல் தோவாளை மாணிக்க மாலைக்கும் கிடைத்திருக்கிறது. இந்த மண்ணில் இத்தனை ஆண்டுகள் பின்னப்பட்ட கை லேசுக்கு அந்த அளவுக்குப் பெயர் கிடைக்கவில்லை. கல்வியும் ஆசிரியர், செவிலியர் வேலைகளும் பெண்களுக்குத் திறந்தபின், கண்ணைக் கெடுக்கும் இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் குறைந்தார்கள். ஒரு வகையில் இது வருந்த வேண்டிய விஷயமும் இல்லை. பெண்பிள்ளைகளைப் படிக்க வைக்கத்தானே அந்த லேஸ் தொடங்கியது?

வருந்த வேண்டியது மறதிக்குத்தான். 2016-ல் சி.பி.எஸ்.இ. ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தில் தோள்சீலைப் போராட்டம் பற்றிய பகுதியைத் தேர்விலிருந்து நீக்கியது. 2019-ல் அந்தப் பாடமே புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டது. மறுபக்கம், 2023 மார்ச் 6 அன்று அந்தப் போராட்டத்தின் 200-ஆம் ஆண்டு விழா நாகர்கோவிலில் நடந்தது. தமிழக, கேரள முதல்வர்கள் இருவரும் அதில் கலந்துகொண்டார்கள். புத்தகத்தில் இடம் போனாலும் ஊரின் நினைவில் இடம் போகவில்லை.

இந்த டிசம்பரிலும் நாகர்கோவில் கடைத்தெருவில் ஒரு பெண் புதுச் சட்டைக்குப் பொருத்தமான லேசைத் தேடிக்கொண்டிருப்பாள். எந்த நிறம், எவ்வளவு அகலம் என்பது மட்டும்தான் அவளுடைய கவலையாக இருக்கும். அவள் உடுத்துவதை யாரும் தடுக்கப் போவதில்லை. அவளுடைய அந்தச் சின்னக் கவலைக்கு இந்த ஊர் கொடுத்த விலை பெரியது.