ஒருமையில் பேசாதே! - ஒரு ருஷ்யக் கதை

வடக்கே வந்து குடியேறிய நம்மவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம் இது. ஹிந்தியில் 'தூ', 'தும்', 'ஆப்' என்று மூன்று படிகள். படி மாறிக் கால் வைத்தால் தொலைந்தோம் :-)

இந்தத் 'தூ'வுக்கு ருஷ்யாவில் ஒரு பங்காளி உண்டு. பெயர் 'தி'. இரண்டும் சமஸ்கிருத 'த்வம்' பிறந்த அதே மூலத்திலிருந்து வந்தவை. போலந்து, செக், செர்பியா, பல்கேரியா என்று ஸ்லாவிய மொழிகள் பேசும் இடங்களில் எல்லாம் ஏறக்குறைய இதே சொல்தான். ருஷ்ய மொழியில் 'தி' என்றால் நீ, 'வி' என்றால் நீங்கள்.

பழைய ருஷ்யாவில் ஒருவரைப் பன்மையில் அழைக்கும் வழக்கமே இல்லை. ஜார் மன்னருக்கு மனு எழுதினாலும் 'தி'தான். கடவுளுக்கும் 'தி' (அவருக்கு மட்டும் இன்றும் அதே!). எல்லோருக்கும் ஒரே சொல் என்பதால் அதில் அவமரியாதையும் இல்லை.

18-ஆம் நூற்றாண்டில் கதை மாறியது. மேற்கு ஐரோப்பாவைப் பார்த்து நாட்டையே மாற்றப் புறப்பட்டார் பீட்டர் மன்னர். தாடிக்கு வரி போட்டார். 1722-இல் அரசுப் பதவிகளை 14 படிகளாக அடுக்கினார். (எங்கள் வங்கியில் அதிகாரிகளுக்கு அத்தனை ஸ்கேல் இல்லை, பரவாயில்லை.) பிரெஞ்சு, ஜெர்மன் பாணியில் மேல்தட்டு மக்கள் ஒருவரையொருவர் 'வி' என்று அழைக்கத் தொடங்கினார்கள்.

மரியாதைக்கு என்று தனிச்சொல் வந்ததும், பழைய சொல்லின் மதிப்பு இறங்கிவிட்டது. நண்பர்களுக்குள்ளும் காதலிலும் 'தி' இனிமையாகத்தான் இருந்தது. புஷ்கின் 1828-இல் "தி-யும் வி-யும்" என்ற தலைப்பில் ஒரு கவிதையே எழுதினார். ஆனால் பண்ணையார் அடிமையையும், அதிகாரி சிப்பாயையும், மேஸ்திரி தொழிலாளியையும் 'தி' என்பார்கள். அவர்கள் பதிலுக்கு 'வி' சொல்ல வேண்டும். பிரச்சினை சொல்லில் இல்லை, அது ஒருவழிப் பாதையாக இருந்ததில்தான்.

சைபீரியாவில் லேனா நதிப் பக்கம் தங்கச் சுரங்கங்கள். பெரும்பங்கு லண்டனில் பதிவான ஒரு கம்பெனியிடம். 1912-இல் கெட்டுப்போன இறைச்சி கொடுத்தார்கள் என்று அங்கே வேலைநிறுத்தம் வெடித்தது. எட்டு மணி நேர வேலை, 30 சதவீதக் கூலி உயர்வு, அபராதம் கூடாது என்று கோரிக்கைகள். அந்தப் பட்டியலிலேயே இன்னொன்றும் இருந்தது: நிர்வாகம் எங்களை 'தி' என்று அழைக்கக் கூடாது, 'வி' என்றே அழைக்க வேண்டும்!

வயிற்றுக்கும் கூலிக்கும் போராடும்போதுகூட இந்த ஒரு சொல்லை அவர்கள் விட்டுவிடவில்லை. அந்த ஏப்ரலில், ஊர்வலமாக வந்தவர்கள் மீது ராணுவம் சுட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள்.

ஐந்து வருடம் கழித்துப் புரட்சி. 1917 மார்ச் 14 (பழைய ருஷ்ய நாட்காட்டியில் மார்ச் 1). பெட்ரோகிராட் சோவியத்தில் சோகொலோவ் என்ற வக்கீல் மேஜையில் உட்கார்ந்து எழுத, சுற்றி நின்ற சிப்பாய்கள் சொல்லச் சொல்ல ஒரு உத்தரவு உருவானது. 'உத்தரவு எண் 1' என்று சரித்திரத்தில் பெயர். சிப்பாய்களுக்குக் கமிட்டி, ஆயுதங்கள் அதன் பொறுப்பில் என்று பெரிய விஷயங்களோடு, சிப்பாயை 'தி' என்று அழைக்கத் தடையும் அதில் இருந்தது. அதிகாரிகளை 'மேதகு' என்று அழைப்பதும் அன்றோடு ரத்து. யோசித்துப் பாருங்கள், முதல் உத்தரவிலேயே இலக்கணம்!

ஆனால் உத்தரவு போட்டால் மட்டும் பழக்கம் போய்விடுமா? சோவியத் காலத்திலும் கீழே இருப்பவரை 'தி' என்றே அதட்டிய மேலதிகாரிகள் இருந்தார்கள். போலந்தில் இன்னும் வேடிக்கை. அங்கே மரியாதைக்கு 'பான்', 'பானி' (ஐயா, அம்மா மாதிரி) என்று சொல்லித்தான் பழக்கம். கம்யூனிஸ்ட் கட்சி 'தோழரே' என்பதோடு பன்மைச் சொல்லைப் பரப்பப் பார்த்தது. ஜனங்கள் ஐயா, அம்மாவை விடவில்லை. 1989-இல் ஆட்சி போனது, அந்த வழக்கமும் கூடவே போனது.

நம் தமிழில் 'ஒருமையில் பேசினான்' என்றாலே சண்டைக்குப் போதும். அதனால் லேனா தொழிலாளியின் கோபம் நமக்கு உரை இல்லாமலே புரிகிறது. 'யூ' என்ற ஒரே சொல்லில் வளரும் நம் பிள்ளைகளுக்கு 'நீ', 'நீங்கள்' சொல்லித் தரும்போது, பெரியவர்களுக்கு நீங்கள் என்பதோடு நிறுத்தி விடுகிறோம். வாட்ச்மேனுக்கும் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கும் எந்தச் சொல்? பிள்ளைகள் அதை நம் வாயைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

உங்கள் வீட்டில் எப்படி? பின்னூட்டத்தில் சொல்லுங்களேன்.