வியன்னாவில் ஒரு முசிறிப் பத்திரம்

கி.பி. 2ஆம் நூற்றாண்டு. பாப்பிரஸ் தாளில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கடன் பத்திரம் அது. இந்தியச் சரக்கைச் செங்கடல் துறையில் இறக்கி, ஒட்டகத்தில் ஏற்றிக் காவலோடு கொப்டோஸ் கொண்டுபோய், நைல் ஆற்றில் படகு மாற்றி, அலெக்சாந்திரியாவின் சுங்கக் கிடங்கில் சேர்க்க வேண்டும்; சரக்கில் நான்கில் ஒரு பங்கு வரி. நடுவே, பழைய இந்தியத் துறைமுகமான முசிறியை ஒட்டிய கடன் ஒப்பந்தம் பற்றிய பேச்சு.

தாளின் மறுபக்கம் வேறொருவர் கையெழுத்து. 'ஹெர்மபொல்லோன்' என்ற கப்பலில் வந்த சடாமாஞ்சில், தந்தம் என்று எடை போட்டு விலை எழுதிய கணக்கு. மொத்த மதிப்பு சுமார் 70 லட்சம் செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

ஒரு கட்டத்தில் அந்தத் தாளுக்கு வேலை முடிந்தது. எகிப்தின் வறண்ட காலநிலைதான் அதைக் காப்பாற்றியது. 1980இல் ஆஸ்திரிய தேசிய நூலகம் அதை விலைக்கு வாங்கியது. 1985இல் அறிஞர்கள் படித்து வெளியிட்டார்கள். இன்றும் வியன்னாவில்தான் இருக்கிறது.

அதுவரை முசிறிக்கு என்ன சாட்சி இருந்தது? யவனர் கலம் பொன் கொண்டுவந்து மிளகு ஏற்றிப் போனதை அகநானூற்றின் 149ஆம் பாட்டு சொல்கிறது. 'பெரிப்ளஸ்' என்ற கிரேக்க வழிகாட்டி நூலும் அந்தத் துறையைச் சொல்கிறது. ரோமானிய எழுத்தாளர் பிளினியும் எழுதினார். ஆனால் அவர் இந்தியா வந்தவரல்லர், கேட்டதை எழுதினார். கவிஞர் மிகைப்படுத்தியிருக்கலாம் என்று யாரும் வாதாடலாம்.

கடன் பத்திரத்திடம் அந்த வாதம் செல்லாது. அதை எழுதியவருக்கு முசிறியைப் புகழ வேண்டிய தேவையே இல்லை. பணம் திரும்பி வந்தால் போதும். சங்கப் புலவரை அவர் அறிந்திருக்க வழியில்லை. புலவருக்கும் அவரைத் தெரியாது. ஒருவர் சொன்னதையே பத்துப் பேர் திருப்பிச் சொன்னாலும் அது ஒரே சாட்சிதான். இங்கே அப்படியில்லை. ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், வெவ்வேறு மொழியில், வெவ்வேறு காரணத்துக்காக ஒரே துறையைச் சொல்கிறார்கள். இந்தப் பொருத்தத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

மண்ணும் பேசியது. செங்கடல் கரையில் பெரனிகேயின் செராபிஸ் கோயில் வளாகத்தில், இந்தியாவில் வனைந்த பெரிய தாழி ஒன்றில் சுமார் 7.5 கிலோ மிளகு கிடைத்தது. தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடும் அதே ஊரில் கிடைத்திருக்கிறது.

ஆனால் இந்தத் தாளை அது சொல்லாததற்குச் சாட்சியாக இழுக்கக் கூடாது. ஒப்பந்தம் கையெழுத்தானது முசிறியிலா அலெக்சாந்திரியாவிலா என்பதில் அறிஞர்கள் உடன்படவில்லை. முசிறி எங்கே இருந்தது என்பதையும் அது காட்டவில்லை. கேரளத்தில் வடக்கன் பறவூருக்கு அருகே பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வில் மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடி ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. அங்கே ரோமானிய வணிகம் நடந்ததற்கு அவை போதும். அந்த ஊர்தான் முசிறி என்று முடிவு கட்ட அவை மட்டும் போதாது.